கோரிக்கைக் கடிதத்தில் இல்லாத கையெழுத்து



இந்த மாநாட்டின் தலைமைப் பொறுப்பை எனக்குத் தந்ததற்கு நன்றி. பெருமையாக இருக்கிறது; கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேரோடு ஏதாவது ஒரு மேடையில் நான் வாதிட்டிருக்கிறேன். அவர்களே கூடித் தலைமை தாங்கச் சொல்லும்போது, இது கௌரவமா, வாயைக் கட்டும் வழியா என்ற ஐயம் வரத்தானே செய்யும்?

ஆள் கடத்தல் வழக்குகளில் அரசு வழக்கறிஞர்களுக்கான பயிற்சியும் பன்னாட்டு ஒத்துழைப்பும் என்பது மாநாட்டின் பொருள். இந்த அவையில் அதன் அடிப்படைகளை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை, அதற்கு 2011 மே மாதம் இந்தியா தந்த ஏற்புறுதி, வர்மா குழு அறிக்கைக்குப் பிறகு 2013இல் புது உருவம் பெற்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143 எல்லாம் உங்களுக்குப் பாடம். ‘செயல், வழிமுறை, நோக்கம்’ என்ற மூன்று கூறுகளைச் சொல்லாத பயிற்சி வகுப்பே நாட்டில் கிடையாது. என் குறை, பெரும்பாலான வகுப்புகள் அதோடு முடிந்து தேநீருக்குக் கலைந்துவிடுகின்றன என்பதுதான்.

அது ஏன் போதாது என்பதற்கு, மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடி வழக்குகளைப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்கிறார்கள். பாங்காக்கில் இறக்கி, சாலை வழியாக மே சோட் வரை கொண்டுபோய், ஆற்றைக் கடத்தி மியான்மருக்குள் தள்ளுகிறார்கள். அங்கே இணைய மோசடி செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். 2022இலேயே மியாவாடியிலிருந்து மீண்டு சென்னை வந்து இறங்கிய தமிழ் இளைஞர்களும் உண்டு.

இதில் நம் ஊர் வழக்கு எப்படி இருக்கும்? உள்ளூர் ஏஜெண்ட் கைதாவார். அவர் வாங்கிய பணம், எடுத்துக் கொடுத்த டிக்கெட், வாட்ஸ்அப் பேச்சு ஆகியவை கோப்பில் இருக்கும். சுரண்டல் என்ற மூன்றாம் கூற்றுக்கான சான்றோ எல்லைக்கு அப்பால் கிடக்கிறது. பாங்காக் குடிநுழைவுப் பதிவு, ஏற்றிச் சென்ற வண்டி, பணம் போய்ச் சேர்ந்த கணக்கு எதுவும் கோப்பில் இருக்காது. தாய்லாந்தோடு நமக்குக் குற்றவியல் உதவி ஒப்பந்தம் இருக்கிறது. கேட்டால் கிடைக்கக்கூடும். ஆனால் கேட்பது யார்?

1990இல் பழைய நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 166-ஏ பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 112 ஆகியிருக்கிறது. புலன் விசாரணை அதிகாரியோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியோ மனு போட, நீதிமன்றம் வெளிநாட்டுக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். அதுவும் புலன் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும். அரசு வழக்கறிஞர் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு கோப்பு அவர் கைக்கு வருகிறது. ஓட்டை அப்போதுதான் கண்ணில் படுகிறது. பன்னாட்டு ஒத்துழைப்பில் பயிற்சி பெற்றவருக்கு, ஒத்துழைப்பைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் ‘ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு’ தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு. குற்றப்பத்திரிகைக்கு முன் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்கும்படி புலன் விசாரணை அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது எதைப் பற்றியது? யார் மீது குற்றம் சாட்டலாம் என்ற முடிவைப் பற்றியது. அந்த முடிவு அதிகாரியுடையது, இருக்கட்டும். பாங்காக்கிலிருந்து ஒரு பதிவேட்டின் நகலைக் கேட்பதில் எந்த முடிவு பறிபோகிறது? இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு மறுப்பு எழுதிய மூத்த நண்பர், நான் காவல்துறையையும் வழக்குத் தொடர்வையும் மீண்டும் ஒட்டவைக்கப் பார்ப்பதாகச் சொன்னார். மறுப்பை இரண்டு முறை படித்தேன். 112ஆம் பிரிவு அதில் எங்கும் வரவில்லை.

கேட்பதிலும் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020இல் முடிவாகிவிட்டது. இன்று அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவை மட்டும் கேட்டு, சான்றிதழைக் கேட்க மறந்த கடிதம், பல மாதம் கழித்து வந்து சேர்ந்தாலும் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியிலேயே விழும். அந்தக் கேள்வி எப்படி வரும் என்பது தினமும் நீதிமன்றத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். கடிதத்தின் வாசகத்தை அவர் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது என் பழைய பல்லவி. ஆள் கடத்தலை ஒடுக்க வந்த 1950ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. 1956இல் நாம் இயற்றிய சட்டத்தின் முகப்பிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஆனாலும் பயிற்சி நூல்கள் பலவும் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பாலியல் தொழிலை மட்டும் பார்த்தது, ஒழுக்கப் பிரசங்கம் செய்தது, காலாவதியானது என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மியாவாடிக்கு அது பொருந்தாது என்பதும் தெரியும். ஆனால் அதன் 13ஆம் உறுப்பைப் படித்தீர்களா? கோரிக்கைக் கடிதங்களை நீதித்துறை அதிகாரிகளே ஒருவருக்கொருவர் நேரடியாக அனுப்பலாம் என்ற வழியை அது முதலில் வைக்கிறது. தூதரக வழி கடைசியில் வருகிறது. நிபுணர் செலவு தவிர வேறு கட்டணம் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய 1910ஆம் ஆண்டு ஆள் கடத்தல் உடன்படிக்கையிலேயே இந்த நேரடி வழி உண்டு. எந்த வழியை ஏற்கிறோம் என்று ஒரு நாடு அறிவிக்கும்வரை அதன் பழைய நடைமுறையே நீடிக்கும் என்ற விதியைக் காட்டி என்னை மடக்குவார்கள். சரி, அறிவிக்க வேண்டியதுதானே? பலெர்மோ நெறிமுறையின் மூல உடன்படிக்கையோ, 18ஆம் உறுப்பில், மைய அதிகாரி ஒருவர் வழியாக எல்லாம் போகட்டும் என்றது. ஒழுங்கு வந்தது, வரிசையும் நீண்டது. நேர்மையாகச் சொன்னால், அதே உறுப்பு காணொலி சாட்சியத்துக்கும் வழி திறந்தது. நம் உச்ச நீதிமன்றம் பிரஃபுல் தேசாய் வழக்கில் 2003இலேயே அதை ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று, சுருக்கமாக. தேர்வாணையம் வழியாக வரும் உதவி அரசு வழக்கறிஞர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் இருக்கிறார்கள். பயிற்சிகளுக்கு அவர்களை அனுப்புகிறோம். ஆள் கடத்தல் வழக்கு நடப்பதோ அமர்வு நீதிமன்றத்தில். அங்கே நிற்பவர் ஆட்சி மாறினால் தானும் மாறுகிறவர். யாருக்குப் பயிற்சி, யாருக்கு வழக்கு என்று ஒருமுறையாவது ஒத்துப் பார்த்திருக்கிறோமா?

112ஆம் பிரிவில் ‘அல்லது அரசு வழக்கறிஞர்’ என்ற மூன்று சொற்களையும், ‘புலன் விசாரணையின்போது’ என்பதோடு ‘வழக்கு நடக்கும்போதும்’ என்பதையும் சேர்க்கக் கோரும் வரைவைத் தீர்மானக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். சரளா தீர்ப்போடு எதிர்க்க வருகிறவர்களின் பெயர்கள் பிற்பகல் அமர்வுப் பட்டியலில் உள்ளன. அப்போது தலைவர் குறுக்கிடலாமா என்று அமைப்பாளர்களைக் கேட்டேன், கூடாதாம். ஆகவே என் பதிலை இப்போதே சொல்லிவிட்டேன். மாநாடு தொடங்கட்டும்.