வெட்டுவான் கோயிலுக்குப் போகுமுன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

அடுத்த மாதம் கழுகுமலைக்கு வேன் போடுகிறோம் என்று செயலாளர் அறிவித்ததும், "அங்கே என்ன சார் இருக்கு, முருகன் கோயில்தானே?" என்று ரெண்டு பேர் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். சுற்றிலும் கரிசல் காடு, நடுவே மொட்டைப் பாறை. கழுகாசலமூர்த்தி கோயில் அடிவாரத்தில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த முருகன் மேல் பாடியதுதான். நம்மில் பலர் அர்ச்சனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். மேலே ஏறினால்தான் வெட்டுவான் கோயில்.

8-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். பாறையைச் சுற்றிலும் குடைந்து எடுத்து, நடுவில் விட்ட ஒரே கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் போலவே, இதுவும் சிகரத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கிய வேலை. தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், அவசியம் பாருங்கள். கீழ்ப்பகுதியோ உளி பட்ட முரட்டுக் கல்லாகவே நிற்கிறது. வேலை முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஊரில் சொல்லும் கதை இது. அப்பாவும் மகனும் சிற்பிகள். மனத்தாங்கலில் பிரிந்தார்கள். அப்பா மலைமேல் சமணச் சிலைகளைச் செதுக்க, மகன் தனியாக இந்தக் கோயிலை வெட்டினான். பார்த்தவர்கள் மகனின் வேலையை அப்பாவிடமே போய்ப் புகழ்ந்தார்கள். பொறுக்க முடியாமல் அவர் சுத்தியலை வீச, பையன் செத்தான். ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். அப்பாவின் பொறாமை மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. நம் பிளாக்கில் பையனின் சம்பளத்தைக் கேட்டதும் முகம் மாறும் அப்பாக்கள் இல்லையா? (நான் யாரையும் பார்க்கவில்லை!)

கதையை நான் அப்படியே நம்பவில்லை. வெட்டுவது என்றால் ஆளை வெட்டுவதுதானா? கல்லையும் வெட்டலாமே. இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் சிலைகள், பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா. அவற்றின் கீழே வட்டெழுத்தில் இந்தச் சிலையைச் செய்வித்தவர் இன்னார், இன்ன ஊர் என்று பொறித்திருக்கிறது. குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்தவனுக்கு அது வரவுப் பதிவேடு மாதிரியே தெரிகிறது. பல பேர் காசு கொடுத்துச் செய்த வேலை. ஒரே அப்பாவின் கைவேலை அல்ல.

கீழே கோயிலை வெட்டியவன் பெயரோ எங்கும் இல்லை. பெயரில்லாத அவனுக்கு ஊர்க்காரர்கள் ஒரு அப்பாவைக் கொடுத்து, ஒரு சாவையும் கொடுத்து, இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கதை பொய்யாக இருந்தாலும் எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. 1,200 வருஷத்துக் கல்லில் தன் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் சாக்பீஸ், மார்க்கர் எதையும் பையில் போட விடாதீர்கள்.

காலை ஆறு மணிக்கே கிளம்புவோம். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். மேலே கடை கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். நானும் எடுத்து வருகிறேன்.