கல்லை நட்டவர் பெயர்



பத்தாண்டு நிறைவு விழாவில் தோட்டக்கலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லை வைக்கும் இடமறிந்து வைப்பதும் கல்லை வைக்கும் இடமறிந்து வைப்பதும் உறவுடைய தொழில்கள் என்பது என் கருத்து.

சப்பானியத் தேநீர்க் கலையில் குடிலைப் போலவே குடிலுக்குச் செல்லும் வழியும் முதன்மையானது. விருந்தினர் மிதிகற்களில் அடிவைத்து நடந்து, கல்தொட்டியில் கைகழுவிய பின்னரே உள்ளே நுழைவர். அக்கற்களைப் பதிப்பதில் நடைக்கு ஆறு பங்கு, அழகுக்கு நான்கு பங்கு என்றாராம் சென் நோ ரிக்யூ. அவர் மாணவர் ஃபுருதா ஒரிபே அதை மாற்றி, நடைக்கு நான்கு, அழகுக்கு ஆறு என்றாராம். பொருளா வடிவா என்று நாம் நடத்தும் வழக்கு, அங்கே கல்லைக் கொண்டு நடந்திருக்கிறது.

ஒரிபேயின் மாணவர் கொபோரி என்ஷூ (1579–1647). ஆட்சித் தலைவரான ஷோகுனுக்குத் தேநீர்க் கலை கற்பித்தவர். அரசின் கட்டுமானப் பணிகளை மேற்பார்த்தவர். கியோட்டோவில் கொன்ச்சி-இன் மடத்துத் துறவி சூடென், தம் மடத்துக்கு ஒரு தோட்டம் வகுத்துத் தருமாறு 1627-இல் அவரை வேண்டினார். அரண்மனைப் பணிகளில் ஆழ்ந்திருந்த என்ஷூவால் எந்நாளும் களத்தில் நிற்க இயலவில்லை. 1632-இல்தான் தோட்டம் நிறைவேறியது. வெண்சரளைப் பரப்புக்கு அப்பால் கல்லில் அமைந்த நாரை ஒருபுறம், ஆமை மறுபுறம். இரண்டும் நீண்ட ஆயுளின் குறிகள். அடுத்த ஆண்டே சூடென் மறைந்தார்.

என்ஷூவின் பெயரால் வழங்கும் தோட்டங்கள் பல. இதற்கு மட்டும் சான்று உறுதியாக நிற்பதற்குக் காரணம், கடிதப் போக்குவரத்தையும் விடாது பதிந்துவைத்த சூடெனின் நாட்குறிப்பே ஆகும்.

கருத்து தந்தவர் என்ஷூ. கல்லை நட்டவர் யார்? கென்தெய் என்னும் தோட்டக்காரர். அக்காலத்தில் இத்தொழிலைச் செய்தோர் பலர் 'ஆற்றங்கரையார்' என்று ஒதுக்கப்பட்ட குலத்தினர். தோல் பதனிடுவதும் மண் சுமப்பதும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலைகள். குலத்தைச் சொல்லி விலக்கிய சமூகம், கல்லின் முகமறிந்து நடுவதற்கு அவர்களையே நாடியது. இந்த முரண் நமக்குப் புதிதன்று.

நம் நாமக்கல் குன்றைப் பாருங்கள். அரங்கநாதர் குடைவரையில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று அரச மரபின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடும்பாறையில் பள்ளிகொண்ட பெருமானைக் கண்டெடுத்த உளிக்காரரை நாம் அறியோம். என்ஷூவின் புகழில் பங்கு கேட்க நான் வரவில்லை. கென்தெய்க்கும் ஒரு பெயர் மிஞ்சியதற்கு, அக்காலத் துறவியர் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்ததே காரணம் என்பதை நினைவூட்டவே வந்தேன்.

இந்த மலரில் கவிதை எழுதிய ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். பக்கங்களைக் கோத்தவர், பிழை திருத்தியவர், பத்தாண்டாகக் கூட்டந்தோறும் நாற்காலி போட்டு விளக்கணைத்துச் சென்றவர் ஆகியோர் பெயரும் இடம்பெற வேண்டும் என்று வேண்டுகிறேன். நன்றியுரையில் 'மற்றும் பலர்' என்று முடித்துவிடாதீர்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ கென்தெய்கள் மறைந்துபோனார்கள்.