திண்ணை யாருக்குச் சொந்தம்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடுமுறை நாட்களில் நம்மில் பலர் பிள்ளைகளுடன் சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்று வருகிறோம். அங்குள்ள ராஜ மஹால் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அரசர் வாழ்ந்த மாளிகையைக் காக்க அரசு இருக்கிறது. நம் பாட்டனும் பூட்டனும் வாழ்ந்த தெருவைக் காப்பவர் யார்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தனி வீடு வேறு. வரிசை வீடு வேறு. வரிசையில் இரு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர் நிற்கும். இவ்வீட்டு உத்தரமும் அவ்வீட்டு உத்தரமும் அச்சுவரிலேயே தங்கும். ஒரு வீட்டின் நிழல் மறு வீட்டுக்கும் நிழல். ஆகவே வரிசையில் வீடு கட்டியவன், தன் வீட்டை மட்டும் கட்டவில்லை. தெருவில் ஒரு பகுதியையும் கட்டினான்.

இங்கிலாந்து நாட்டில் பாத் என்றொரு நகரம் உண்டு. அங்கே ‘ராயல் கிரசென்ட்’ என்னும் வீட்டு வரிசை பிறை வடிவில் வளைந்து நிற்கிறது. இளைய ஜான் வுட் என்னும் சிற்பி வகுத்த திட்டப்படி, 1767 முதல் 1774 வரை அதனைக் கட்டினர். மொத்தம் 30 வீடுகள். முகப்பெங்கும் ஒரே உயரம், ஒரே வண்ணக் கல், ஒரே தூண் வரிசை. எதிரே நின்று நோக்குவார்க்கு அது ஒரே அரண்மனையாகத் தோன்றும். பின்புறம் சென்றாலோ, கூரை ஒரு விதம், சன்னல் ஒரு விதம், சுவர் ஒரு விதம்! காரணம் என்ன? வாங்கியவர்கள் முகப்பின் ஒரு பகுதியைப் பெற்று, அதன் பின்னே தத்தம் விருப்பப்படி வீடு அமைத்துக்கொண்டனர். உள்ளே அவரவர் உரிமை. வெளியே ஊருக்குரிய ஒழுங்கு. இன்று அவ்வரிசை அந்நாட்டுச் சட்டத்தின் மிக உயர்ந்த காப்பில் இருக்கிறது.

இத்தகைய அறிவு நமக்குப் புதிதன்று. அதனைப் புதுச்சேரியில் கண்டு மகிழலாம். அந்நகரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. பிரெஞ்சுப் பகுதியில் உயர்ந்த மதிற்சுவரும் மூடிய கதவும் தெருவை நோக்கும். தமிழர் பகுதியிலோ வீடு தெருவை நோக்கிக் கை நீட்டுகிறது. முதலில் தாழ்வாரம்: மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குமிடம் அது. அடுத்துத் திண்ணை: வந்தவர் அமர்ந்து பேசுமிடம். அதன் பின்னரே வாயில். வாயிலைக் கடந்தால் வானம் பார்த்த முற்றம். மாடி எடுத்த வீடுகளில் கீழ்த்தளம் தமிழ்ப் பாங்கிலும், மேல்தளம் வளைவுச் சன்னலும் சுதை வேலையுமாகப் பிரெஞ்சுப் பாங்கிலும் அமைந்திருக்கும். இரண்டும் ஒரே சுவரில் பகையின்றி வாழ்கின்றன.

அங்கே வைசியாள் வீதி என்று மக்கள் வழங்கும் தெரு ஒன்று உண்டு. காலப்போக்கில் அதன் தாழ்வாரங்கள் சிதைந்தன, திண்ணைகள் மறைந்தன. இன்டாக் எனப்படும் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் முயற்சியால், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் சேர, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தெருவின் முகப்புகளைச் சீர்செய்தனர். ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் வரிசையாகவே சீர்செய்ததுதான் அதன் சிறப்பு. 2008இல் அப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது.

காக்கத் தவறினால் நேர்வது யாது? அதே புதுச்சேரியில் கடற்கரையோரம் நின்ற பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பின்னர் பழைய அமைப்பிலேயே புதிதாகக் கட்டி எழுப்பினர். உருவம் மீண்டது, அந்தப் பழஞ்சுவர் மீளவில்லை.

அன்பர்களே, பிறர் குறையை மட்டும் பேசுவது அழகன்று. நானும் ஒரு திண்ணையை இடிக்க இசைந்தவனே. எங்கள் ஊரில் எங்கள் வீடும் இத்தகைய வரிசையில் நின்றது. ரயில்வே வேலை என்னை ஊர் ஊராக மாற்றியது. வீட்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதே அரிதாயிற்று. பாகப் பிரிவினைக்குப் பின், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று வீட்டார் கேட்டபோது, கடிதத்தில் ஒரு வரியில் சம்மதம் எழுதிவிட்டேன். திண்ணை போயிற்று. பொதுச் சுவரில் விரிசல் கண்டது. அடுத்த வீட்டு மூதாட்டி சண்டைக்கு வரவில்லை. “சுவரைப் பூசிக்கொள்ளலாம், தம்பி. மழைக்கு ஒதுங்குகிறவன் இனி எங்கே ஒதுங்குவான்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றளவும் என்னிடம் விடையில்லை. திண்ணை எனக்குரியது என்று எண்ணினேன். அது தெருவுக்குரியது என்பதை இடித்த பிறகே உணர்ந்தேன்.

இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் பலவற்றுக்குச் சொந்த ஊரில் ஒரு பழைய வீடு இருக்கும். விற்பதா, இடிப்பதா என்ற கடிதமும் வந்திருக்கும். பழமை என்பதற்காக வசதியைத் துறக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சமையலறையை மாற்றுங்கள், குளியலறை கட்டுங்கள், முகப்பை மட்டும் தெருவுக்காக விட்டுவையுங்கள். பொதுச் சுவரைத் தொடுமுன் அடுத்த வீட்டாரைக் கேளுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள்; சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துச் சுவரை அரிக்கும். இடித்தே தீரவேண்டுமானால், அதற்கு முன் பிள்ளைகளை அழைத்துச் சென்று, தூணையும் திண்ணையையும் அளந்து, படம் எடுத்து வைக்கச் செய்யுங்கள்.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தோம். நாம் திரும்பிச் செல்லும் நாளில் அமர்வதற்கு ஒரு திண்ணையாவது எஞ்சியிருக்கட்டும். அதுவும் நம் கையில்தான் இருக்கிறது.