மண்ணை நேசிக்கும் கைகள்



கோலகங்சார் என்றதும் நம் நினைவுக்கு வருவது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட கன்றுகளுள் ஒன்று முதிய மரமாக இன்றும் நிற்கிறது. அந்நகருக்கு எதிரே, பேராக் ஆற்றின் மறுகரையில் சாயோங் என்னும் சிற்றூர் உள்ளது. நாம் மரத்தை நம்பி வாழ்வது போல மண்ணை நம்பி வாழும் குயவர்களின் ஊர் அது. அவர்தம் கலையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

சாயோங் குயவர்கள் செய்யும் கரிய நீர்க்குடத்திற்கு 'லாபு சாயோங்' என்று பெயர். 'லாபு' என்னும் மலாய்ச் சொல் சுரைக்காயையும் குறிக்கும். முற்றிய சுரைக்காயைக் குடைந்து உலர்த்தி நீர் வைக்கும் வழக்கம் பண்டு இருந்தது. நம் முன்னோரும் அதனைச் சுரைக்குடுக்கை என்றனர். கொல்லையில் காய்த்த அந்தக் காயின் வடிவையே குயவர் மண்ணில் கண்டனர். குடத்தின் மேல் அவர்கள் பொறிக்கும் பூக்களும் மூங்கிற் குருத்துகளும் அவர்கள் அன்றாடம் காண்பவையே.

இக்கலையைப் பெரும்பாலும் பெண்களே தாய்வழி மகளாகக் கற்று வளர்த்தனர். மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, நீர்விட்டுப் பிசைவர். சிறு கல் தங்கினாலும் குடம் சூளையில் வெடிக்கக்கூடும். பின்னர் மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே உருவாக்குவர். வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சுட்ட குடத்தைச் சூடு ஆறுமுன் நெல் உமியில் புதைப்பர். உமியின் புகை ஏறிக் குடம் கருமை பெறுகிறது. குடத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

இன்று பெரும்பாலான குடங்கள் அச்சில் வார்க்கப்படுகின்றன. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றினால் ஒரே அளவான குடங்கள் விரைவில் கிடைக்கும். பிழைப்புக்கு அது தேவை. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் புதிய வடிவம் ஒன்றைக் காண, மண்ணின் ஈரத்தையும் இழுவையையும் அறிந்த விரல்கள் வேண்டும். அவ்விரல்கள் தம் அறிவை அடுத்த தலைமுறைக்குத் தராமல் ஓய்ந்துவிட்டால், நூல்களைப் படித்து அதனை மீட்க இயலாது.

இதனை உணர்வது நமக்கு அரிதன்று. உளி சற்றே ஆழமாக இறங்கினும் மரம் காயப்படும் என்பதை நம் கைகள் அறியும். அந்த நிதானம் ஒரே நாளில் வந்ததன்று. குயவரின் கையும் அவ்வாறே பழகிய கை.

ஆகவே, பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது நம் பிள்ளைகளை அருகழைத்து அதனைத் தொட்டுப் பார்க்கச் செய்வோம். அது உருவான விதத்தை எடுத்துரைப்போம். கோலகங்சார் செல்ல நேர்ந்தால் ஆற்றைக் கடந்து சாயோங்கிற்கும் சென்று வருவோம். கையால் செய்த குடம் ஒன்றை நாம் விரும்பி வாங்கினால், அதனைச் செய்தவர் தம் மகளுக்கும் அத்தொழிலைக் கற்பிக்க மனம் கொள்வார்.