மிஞ்சிய அன்னம் யாருக்கு?

(ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நடைபெற்ற அன்னதானத் தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்னதானத்தின் சிறப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தார். அந்தச் சிறப்பை என்னைவிடக் கற்றறிந்த பெரியோர்கள் ஆண்டுதோறும் இதே மேடையில் எடுத்துரைத்திருக்கிறார்கள். நானோ தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழில் பயின்று, பின்னர் மலாய்மொழியில் படித்து, அரசாங்கக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே சிறப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, சில மாதங்களாக நமக்குள் முணுமுணுப்பாக இருந்துவரும் ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அவரும் சற்று யோசித்துவிட்டு இசைந்தார்.

வெள்ளிக்கிழமை இரவுப் பூசைக்குப் பின் பந்தி முடிந்ததும், மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் பொட்டலங்களாகக் கட்டி வாசல் மேசையில் வைக்கும் வழக்கத்தை நாம் தொடங்கியது 2022ஆம் ஆண்டில். உபயக்காரர்கள் தாராளமாகச் சமைக்கச் சொல்கிறார்கள்; வருகிற கூட்டமோ வாரத்துக்கு வாரம் கூடும், குறையும். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டக்கூடாது என்பதே அப்போது நமக்கிருந்த ஒரே எண்ணம். யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேள்வி பிறகுதான் வந்தது. பெரிய கார்களில் வருகிறவர்கள் மூன்று, நான்கு பொட்டலங்களாக எடுத்துச் செல்கிறார்கள் என்று தொண்டர்கள் வருந்தினார்கள். அது உண்மைதான். உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை. புத்ராஜெயாவிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து, பூசையின் கடைசிப் பகுதியைத் தரிசித்தேன். அன்று மனைவிக்கு இரவுப் பணி. பிள்ளைகள் இருவரும் டியூஷன் வகுப்பில் இருந்தார்கள். வீட்டிற்குப் போய்ச் சமைக்க அலுப்பாக இருந்தது. மேசையில் இருந்த கடைசி நான்கு பொட்டலங்களையும் பையில் போட்டுக்கொண்டேன். செருப்பு மாட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்துத் தொழிற்பேட்டையில் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் மழையுடுப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எட்டு மணிக்குத்தான் அவருக்கு வேலை முடியும். வெறும் மேசையைப் பார்த்தார். "இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சாங்கய்யா?" என்று என்னிடமே கேட்டார். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். சந்நிதியை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

என் கையில் நான்கு பொட்டலங்கள் இருந்தன. கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எடுத்தவன் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம் வாயை அடைத்தது. அந்த வெட்கம் தீர்ந்து நான் வெளியே ஓடியபோது மோட்டார் சைக்கிள் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

இந்தச் செய்தியை அடுத்த கூட்டத்தில் நான் சொல்லவில்லை, இன்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில், "இல்லாதோர்க்கு மட்டும்" என்று எழுதிப் பலகை மாட்டவேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியவன் நான். ஈகையைப் பற்றி வள்ளுவர் கூறியதை ஒருவர் எடுத்துக்காட்டினார். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

பலகை மாட்டப்பட்டது. கார்க்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதுவரை சரி. ஐந்து வாரங்களில் என்ன நடந்தது என்பதை அன்னதானக் குழுவின் குறிப்பேட்டில் பார்த்தேன். பலகைக்கு முன் மேசையில் ஒன்றும் மிஞ்சியதில்லை. பலகைக்குப் பின் முதல் வாரம் ஒன்பது பொட்டலங்கள், ஐந்தாம் வாரம் இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும் குப்பைத் தொட்டிக்குப் போயின. அடுக்குமாடி வீடுகளிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மையாரை மினி மார்க்கெட்டில் சந்தித்தேன். ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டேன். "முன்னே எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன். இப்போ எடுத்தா என் மவளோட கூடப் படிக்கிற பிள்ளைங்க பார்ப்பாங்களே தம்பி" என்றார்.

அந்தச் சொல் எனக்குப் புதியதன்று. என் தாயார் பால் மரம் வெட்டியவர். நான் நான்காம் ஆண்டு படிக்கும்போதே கைம்பெண்ணானவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மூன்று நாளும் அன்னதானம் நடக்கும். கிராணியார் குடும்பமும் அதே பாயில், அதே இலையில் உண்ணும். எங்கள் தாயார் எங்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து போவார். பின்னர் தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் பட்டணத்து ஓரத்திற்கு வந்தபோது, ஒரு தொண்டு அமைப்பு அரிசி மூட்டை கொடுத்தது. வரிசையில் நிற்கவேண்டும், பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், மூட்டையோடு படம் எடுப்பார்கள். அம்மா போகவில்லை, பள்ளிச் சீருடையோடு நான் போனேன். அந்தப் படம் எங்கேயாவது வந்துவிடுமோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். பிற்காலத்தில் அம்மாவிடம் காரணம் கேட்டபோது, "கோயில்ல சாப்பிட்டா பக்தர், அங்கே வாங்கினா ஏழை" என்றார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

ஆக, பெரியோர்களே, இரண்டு பக்கத்திலும் தவறு செய்து பார்த்துவிட்டோம். வசதியுள்ளவர் முந்திக்கொண்டால் காவலாளிக்குக் கிடைப்பதில்லை. வசதியுள்ளவர் அடியோடு விலகிக்கொண்டால், அந்த இடத்தின் மீது ஏழ்மை என்ற முத்திரை விழுந்து, இல்லாதவரும் வர அஞ்சுகிறார். உணவும் குப்பைக்குப் போகிறது.

குப்பைக்குப் போவதைச் சிறிய செய்தியாக நாம் எண்ணக்கூடாது. நம் நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவு வீணாகிறது, அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இன்னும் உண்ணத் தகுந்தது என்பது திடக்கழிவுக்குப் பொறுப்பான அரசாங்கக் கழகம் பல ஆண்டுகளாகக் கூறிவரும் கணக்கு. மண்ணில் புதைந்து அழுகும் உணவிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. பூமி சூடேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதனால்தான் 2018ஆம் ஆண்டு இறுதியில் அரசு மலேசிய உணவு வங்கித் திட்டத்தைத் தொடங்கியது. பேரங்காடிகளில் மிஞ்சும் உணவு பி40 குடும்பங்களுக்கும் உயர்கல்விக்கூட மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் வழக்கு வந்துவிடுமோ என்று கொடையாளர் அஞ்சாதிருக்க, 2020ஆம் ஆண்டில் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

அப்படிப்பட்ட உணவு வங்கியில், பெயர்ப் பட்டியல் வைத்து, குடும்பத்தின் நிலையறிந்து கொடுக்கும் இடத்தில், மாதச் சம்பளக்காரர் கை நீட்டுவது தவறு. அதில் விவாதமே இல்லை. அது ஒருவருக்கென்று எடுத்துவைத்த இலை. வாசல் மேசை வேறு. அங்கே பட்டியல் இல்லை. மிஞ்சியதை வீணாக்காமல் உண்ணவேண்டும் என்பதே நோக்கம். ஜெர்மனியில் இவ்விரண்டும் தனித்தனியே இருக்கின்றன. 1993ஆம் ஆண்டு பெர்லினில் தொடங்கிய "தாஃபெல்" எனும் உணவு வங்கி, தேவையுள்ளவர் என்பதற்குச் சான்று கேட்டுக் கொடுக்கிறது. 2012ஆம் ஆண்டு தோன்றிய "ஃபூட்ஷேரிங்" இயக்கமோ பொது இடங்களில் குளிர்பதனப் பெட்டிகளை வைத்திருக்கிறது. பேராசிரியரும் எடுக்கலாம், வேலையற்றவரும் எடுக்கலாம். ஆயினும் கடைகளிலிருந்து சேகரிக்கும்போது தாஃபெலுக்கே முன்னுரிமை, அதற்குப் பின் மிஞ்சுவதுதான் தங்களுக்கு என்று அந்த இயக்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முறை என்ற ஒன்றை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

முறை என்று சொன்னவுடன் என் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. கருத்தரங்கு முடிந்தால் நாசி லெமாக்கும் கறிபாப்பும் தட்டுத் தட்டாக மிஞ்சும். அவற்றைத் தாபாவ் செய்யும் வேகத்தில் நம் அதிகாரிகளை எவரும் வெல்லமுடியாது. உயர்பதவிக்காரர் முதலில், எழுத்தர்கள் அடுத்து. மண்டபத்தைக் கூட்டும் அம்மாக்கள் வரும்போது தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டுகள்தாம் கிடக்கும். சில காலமாக நான் ஒன்று செய்கிறேன். துப்புரவுப் பணியாளர்களை முதலில் அழைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதன் பின் மிஞ்சுவதை நாங்கள் எடுக்கிறோம். எவருக்கும் குறைந்துபோகவில்லை. ஓரிருவர் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான்.

வசதியுள்ளவர் எடுத்தால் ஐந்து வெள்ளி உண்டியலில் போடட்டும் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். நல்ல மனத்தோடு சொன்னார்; ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. காசு போட்டவருக்கு நான்கு பொட்டலம் எடுக்கும் உரிமை வந்துவிடும். காசு போடாதவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அரிசி மூட்டை உபயம் செய்ய விரும்புகிறவர் தாராளமாகச் செய்யட்டும். அது வேறொரு நாளில், அலுவலகத்தில் நடக்கட்டும்.

அடையாள அட்டையையோ சம்பளச் சீட்டையோ கேட்பது நமக்கு வேண்டவே வேண்டாம். 2021ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெள்ளைக் கொடி ஏற்றிய வீடுகளுக்கு நாம் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? வாசலில் கார் நின்றது. உள்ளே அரிசி இல்லை. மூன்று மாதத் தவணை கட்டாத கார் அது. காரைப் பார்த்து ஆளை அளக்கக்கூடாது என்பதை அன்று கற்றோம். வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவியபோதும் வந்தவரின் சாதியையோ ஊரையோ கேட்கவில்லை. பசியை மட்டுமே பார்த்தார்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். முதலில் பலகையைக் கழற்றிவிடுவோம். நமது சமையல் மாலை ஆறரை மணியளவில் இறங்குகிறது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ணவேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. அப்படியானால் பத்தரை மணிதான் எல்லை. எட்டேகாலுக்கு மேசை வைக்கிறோம். ஒன்பதரை வரை ஆளுக்கொரு பொட்டலம். வீட்டில் நோயாளியோ குழந்தைகளோ இருந்தால் அதற்கேற்பத் தொண்டர்கள் கொடுக்கட்டும், காரணம் கேட்கவேண்டாம். ஒன்பதரைக்குப் பின் எவரும் எத்தனையும் எடுக்கலாம். வசதியுள்ள நாம் ஒன்பதரை வரை காத்திருப்போம். இதைப் பலகையில் எழுதவேண்டியதில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் போதும். ஒன்பதரைக்கு மேலும் பொட்டலம் கிடந்தால் அதை எடுக்கக் கூச்சப்படவும் வேண்டாம். டத்தோவாக இருந்தாலும் பையைக் கொண்டு வாருங்கள். அப்போது எடுக்காமல் போவதுதான் குற்றம்.

பந்தியில் மட்டும் காத்திருக்கவேண்டாம். அங்கே எல்லாரும் உட்காரவேண்டும். இப்போதெல்லாம் நம்மில் சிலர் பூசை முடிந்ததும், "அது இல்லாதவர்கள் சாப்பிடட்டும்" என்று பெருந்தன்மையோடு புறப்பட்டுவிடுகிறோம். கிராணியார் அப்படிப் புறப்பட்டிருந்தால் என் தாயார் எங்களை அந்தப் பாயில் உட்காரவைத்திருக்கமாட்டார். சீக்கியர்களின் குருத்துவாராவுக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவரும் லாரி ஓட்டுநரும் தரையில் ஒரே வரிசையில் ரொட்டி உண்கிறார்கள்.

அந்தக் காவலாளிப் பெரியவரை அதன் பிறகு ஒரே ஒரு முறை, பலகை மாட்டிய வாரத்தில், வாயிலில் பார்த்தேன். பலகையைப் படித்துவிட்டு உள்ளே வராமலே போனார். தொழிற்சாலையில் இப்போது வேறு நிறுவனத்தைக் காவலுக்கு அமர்த்திவிட்டார்களாம். அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியவில்லை. நீல நிற மோட்டார் சைக்கிள் வைத்திருப்பார். இடது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார். உங்களில் எவரேனும் அவரைக் காண நேர்ந்தால், வெள்ளிக்கிழமை மேசை மீண்டும் எல்லாருக்கும் வைக்கப்படுகிறது என்று சொல்லுங்கள். நிர்வாகக் குழுவினர் இந்த வேண்டுகோளை ஏற்று, நீங்கள் அதை அவரிடம் சொல்லும்போது அது உண்மையாக இருக்கும்படி செய்வார்கள் என்று நம்புகிறேன்.