மணமுறிவு வழக்கிற் பயிலும் சொற்களும் பத்திரங்களும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வரன் பார்த்தலையும் கலியாணம் முடித்தலையும் பற்றி அடிக்கடி பேசும் இச்சபையில், கலியாணம் முறிதலைப் பற்றிப் பேச எழுந்தமை சிலருக்கு அமங்கலமாகத் தோன்றக்கூடும். நோயின் பெயரை உச்சரியாதிருந்தால் நோய் வீட்டிற்குள் வாராதொழியுமோ? நம் குலத்துக் குடும்பங்களிலும் இவ்வழக்குகள் நிகழ்கின்றன. அவற்றில் மனம் ஒவ்வாமையால் விளையும் துன்பம் ஒன்று. கையில் வந்த காகிதம் இன்னதென்று அறியாமையால் விளையும் துன்பம் மற்றொன்று. முன்னதை நீக்குதல் எம்மால் ஆவதன்று. பின்னது கல்வியால் நீங்கத் தக்கது.

யாம் வழக்கறிஞர் அல்லேம்; சொற்களுக்குப் பொருள் சொல்லிப் பிழைக்கும் பள்ளியாசிரியர். பள்ளி விடும் வேளையில் நீதிமன்றத்துக் காகிதத்தைக் கையிலேந்தி, “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று வந்து நிற்கும் பெற்றோரைப் பலமுறை கண்டிருக்கின்றோம். அதனால் அச்சொற்களின் பொருளைச் சட்டநூல் கொண்டு தெளிந்து ஈண்டு உரைக்கத் துணிந்தோம். யாம் கூறுவன 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைப் பற்றியவை. 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்குப் பிரிவு எண்கள் வேறு என்பதை நினைவிற் கொள்க.

முதற்கண் வழக்கின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘விவாகரத்து’ என்பது வடசொல்லும் அரபுச் சொல்லும் ஒட்டிய தொடர். விவாகம் வடமொழி, ‘ரத்து’ என்பது தள்ளுதல், நீக்குதல் என்னும் பொருளிற் கச்சேரி வழியாக நம்மிடம் வந்தது. தமிழில் மணமுறிவு என்கின்றோம். பெயர் எதுவாயினும் அது குறிக்கும் பொருள் ஒன்றே: அதிகாரமுள்ள நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பித்து மணத்தைக் கலைத்தல். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஊரில் இருத்தலும், தாலியைக் கழற்றித் தருதலும், சீர்வரிசைப் பாத்திரங்களை எண்ணித் திருப்புதலும் மணமுறிவு ஆகமாட்டா.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் இந்துக்களுக்குப் பொதுவான மணமுறிவுச் சட்டம் இருந்ததில்லை. பல சமூகத்தார் தத்தம் பஞ்சாயத்தில் ‘தீர்த்துவிடும்’ வழக்கத்தைக் கொண்டிருந்தனர். 1949ஆம் ஆண்டிற் சென்னை மாகாணம், ஒருவர் இரு மணம் புரிதலைத் தடுத்து, மணமுறிவுக்கும் வழிசெய்து ஒரு சட்டம் இயற்றிற்று. 1955இல் வந்த மத்திய சட்டம் அதனிடத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கத்தால் வந்த மணமுறிவு உரிமையைக் காத்திருக்கின்றது என்பது மெய்யே. ஆயினும் ‘வழக்கம்’ என்னும் சொல்லுக்கு அச்சட்டமே வரையறை கூறுகின்றது: நெடுங்காலம் இடையறாமலும் ஒரே தன்மையாகவும் கைக்கொள்ளப்பட்டு, சட்டத்துக்கு நிகரான வலிமை பெற்று, ஐயமற்றதாய், நியாயத்துக்கும் பொதுநலத்துக்கும் மாறாகாததாய் இருத்தல் வேண்டும். அத்தகைய வழக்கம் தமக்கு உண்டென்று சொல்பவரே அதனை எடுத்துரைத்துச் சான்றால் நிறுவவேண்டும் என்று 2002ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இனி நம் செய்கையைப் பார்ப்போம். முத்திரைத்தாள் ஒன்று வாங்கி, “இன்று முதல் எங்களுக்குள் யாதொரு சம்பந்தமும் இல்லை, அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்” என்று எழுதி, இருதரத்தாரும் கையொப்பமிட, பெரியவர்கள் சாட்சிக் கையொப்பமிடுகின்றனர். அதனை ‘விடுதலைப் பத்திரம்’ என்கின்றனர். முத்திரைத்தாளுக்கு மணத்தைக் கலைக்கும் வலிமை இல்லை. பதிவு அலுவலகத்தில் பதிந்தாலும் அவ்வலிமை வந்துவிடாது. அப்பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் நிலை என்ன? முதல் மணம் நிலைத்திருக்க நடந்த இரண்டாம் மணம், 11ஆம் பிரிவின்படி செல்லா மணம். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 82ஆம் பிரிவின்படி அது ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகலாம். இரண்டாவதாக வந்த பெண், கணவன் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் செல்லுங்கால் ‘மனைவி’ என்னும் பெயருக்கே வழக்காட நேர்கின்றது. அவள் வயிற்றுப் பிள்ளைகளை 16ஆம் பிரிவு முறையான பிள்ளைகளாக ஏற்கின்றது. அவளை மனைவியாக ஏற்பதில்லை. இப்பத்திரங்களில் நம் குலத்துப் பெரியவர்களின் கையொப்பமும் இருக்கின்றது. அன்னோர் தீங்கு கருதியவர் அல்லர். எனினும் தீங்கு விளைகின்றது.

அடுத்து, நீதிமன்றத்திலிருந்து வரும் காகிதங்களை அவை வரும் முறையிலேயே காண்போம்.

முன்னர் வருவது வழக்கறிஞர் அறிவிப்பு. வழக்கமாகத் தபாலில் வரும். இது நீதிமன்றத்தின் ஆணை அன்று. எதிர்த்தரத்தார் தம் வழக்கறிஞர் வாயிலாக எழுதிய கடிதம். ஆயினும் பின்னாளில் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டப்படுமாகலின், தக்கார் ஒருவரைக் கொண்டு மறுமொழி விடுத்தல் நலம்.

அதன்பின் வருவது அழைப்பாணை; ‘சம்மன்’ என்பதும் அதுவே. அதில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கெண், வரவேண்டிய நாள் என்னும் மூன்றும் இருக்கும். ‘ஹெச்.எம்.ஓ.பி.’ என்று எண்ணுக்கு முன் எழுதியிருப்பின் இந்து திருமண மூல மனு என்று கொள்க. ‘ஐ.ஏ.’ என்றிருப்பின் மூல வழக்கினுள் எழுந்த இடைநிலை மனு. வழக்கிட்டவர் மனுதாரர், வழக்கிடப்பட்டவர் எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் என்றதனாற் குற்றவாளி என்று பொருளாகாது. பெண்மக்கள் பலர் அச்சொல்லைக் கண்டு கண்ணீர் விடுகின்றனர். அச்சொல் மறுமொழி கூறும் உரிமையுடையவர் என்பதையே உணர்த்துகின்றது.

அழைப்பாணையோடு மனுவின் நகல் இருக்கும். அதன் பக்கங்கள் முழுவதும் படித்து மனம் வெதும்புவதற்கு முன், தலைப்பையும் கடைசிப் பத்தியையும் படியுங்கள். எந்தப் பிரிவின்கீழ் என்பது தலைப்பில் உள்ளது. நீதிமன்றத்தை என்ன கேட்கின்றார் என்பது ‘கோரிக்கை’ என்னும் இறுதிப் பகுதியில் உள்ளது. இடைப்பட்டவை அவர் சொல்லும் காரணங்கள். மெய்ப்பிக்கப்படும் வரை அவை சொற்களே.

9ஆம் பிரிவு என்றிருந்தால் ‘சேர்ந்து வாழக் கோரும் மனு’. 10ஆம் பிரிவு நீதிமுறைப் பிரிவினை: சேர்ந்து வாழும் கடமை நீங்கும், மணம் நீங்காது, ஆதலின் மறுமணம் கூடாது. 11, 12 ஆம் பிரிவுகள் அம்மணமே செல்லாது என்பன. 13ஆம் பிரிவு மணமுறிவு. அதன் காரணங்களாகப் பிறனொடு கூடுதல், கொடுமை, வழக்கிடுமுன் ஈராண்டுக்குக் குறையாமற் கைவிட்டிருத்தல், மதமாற்றம், கடிய மனநோய், ஏழாண்டாக உயிரோடிருக்கும் செய்தி கிடையாமை முதலியவற்றைச் சட்டம் எண்ணிச் சொல்கின்றது. குட்டநோயும் அப்பட்டியலில் இருந்தது. 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ‘கொடுமை’ என்றால் அடி உதை மாத்திரம் அன்று. மனத்தை வதைத்தலும் அதனுள் அடங்கும்.

இவற்றுள் 9ஆம் பிரிவைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஒரு பெண்ணுக்கு அம்மனு வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். ‘சேர்ந்து வாழக் கேட்கிறார், நல்ல காரியந்தானே’ என்று தந்தையார் அதனைப் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றார். குறித்த நாளில் எவரும் செல்லவில்லை. நீதிமன்றம் ஒருதலையாகத் தீர்ப்பளிக்கின்றது. தீர்ப்புக்குப்பின் ஓராண்டு அல்லது அதற்கு மேல் இருவரும் கூடி வாழாவிடின், அதனையே காரணமாக்கி மணமுறிவு கோரலாம் என்பது 13ஆம் பிரிவின் 1அ உட்பிரிவு. சேர்தலைக் கேட்ட காகிதம் பிரிதலுக்குப் படியாகிவிடுகின்றது. அவள் பிரிந்திருந்தமைக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம்; அதனைச் சொல்லவேண்டிய நாளில் அவள் அங்கில்லை.

‘ஒருதலை’ என்னும் சொல்லையும் நோக்குங்கள். யாம் பயின்ற நூல்களில் ‘ஒருதலை’ என்றால் துணிவு, உறுதி என்று பொருள். அகப்பொருளிற் கைக்கிளை ஒருதலைக் காமம். நீதிமன்றத்திலோ, ஒரு தரத்தாரை மட்டும் கேட்டு முடிவு செய்தல். அத்தகைய தீர்ப்பாணை வந்துவிட்டதென்று அறிந்தாற் காலந்தாழ்த்தல் ஆகாது. அதனை நீக்குமாறு முப்பது நாளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். அழைப்பாணை முறைப்படி வந்து சேராதிருப்பின், தீர்ப்பாணையை அறிந்த நாள் முதல் அம்முப்பது நாள் எண்ணப்படும்.

‘வக்காலத்து’ என்பது உமக்காகப் பேச வழக்கறிஞருக்கு நீர் தரும் அதிகாரப் பத்திரம். உலகவழக்கில் ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்’ என்பது இதிலிருந்து வந்ததே. அதிற் கையொப்பமிடுங்கால் வழக்கெண்ணையும் நீதிமன்றத்தையும் குறித்துக்கொள்க. எழுதாத வெறுந்தாளில் எவர் கேட்பினும் கையொப்பமிடற்க. ‘எதிருரை’ என்பது மனுவிற்கு உமது மறுமொழி. மனுவிற் கண்ட ஒவ்வொரு பத்தியையும் ஒப்புகின்றீரா மறுக்கின்றீரா என்று அதிற் சொல்லவேண்டும். ‘வாய்தா’ என்பது வாக்குக் கொடுத்த தவணை என்னும் பொருளுடைய பிறமொழிச் சொல். வழக்கைத் தள்ளிவைத்த நாள் என்று கொள்க.

‘ஜீவனாம்சம்’ என்பது ஜீவனத்துக்கான பங்கு. 24ஆம் பிரிவு வழக்கு நடக்கும்போது தரவேண்டியதைச் சொல்லும். 25ஆம் பிரிவு தீர்ப்பின்போதும் அதன் பின்னும் நிலையாகத் தரவேண்டியதைச் சொல்லும். இவ்விரண்டின்கீழும் மனைவி கணவனிடத்தும், கணவன் மனைவியிடத்தும் கேட்கச் சட்டம் இடந்தருகின்றது. இருவரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் விதித்தது. சத்தியத்தின்மேற் கொடுக்கும் அப்பத்திரத்தில் நிலத்தையும் நகையையும் மறைத்தல் பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும்.

இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு 13ஆ பிரிவு உண்டு. 1976ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். ‘பிரிந்து வாழ்தல்’ என்பது கணவன் மனைவியராக வாழாமையைக் குறிக்கும். ஒரே கூரையின்கீழ் இருந்தும் அங்ஙனம் பிரிந்திருக்கலாம். முதன் மனுவுக்குப்பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் கேட்கவேண்டும். தக்க காரணமிருப்பின் அவ்வாறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தீர்ப்பாணை வருமுன் ஒருவர் தம் இசைவை விலக்கிக்கொள்ளலாம் என்பது 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆகலின் முதல் மனுவிற் கையொப்பமிட்ட அன்றே மணம் முறிந்ததென்று எண்ணி வேறு வரன் தேடற்க. அவ்வுடன்படிக்கையில் ‘முழுத் தீர்வாக’, ‘இனி யாதொரு கோரிக்கையும் இல்லை’ என்னும் தொடர்கள் வரும். அவற்றைப் பன்முறை படித்து, எந்தத் தொகை, எந்த நாளில், எவ்வழியாக என்பவை எழுதியிருக்கின்றனவா என்று பார்த்தபின் ஒப்புக. குழந்தையின் பராமரிப்பு உரிமை பெற்றோரின் கையொப்பத்தால் அழிவதன்று.

கடைசியாகத் தீர்ப்பும் தீர்ப்பாணையும். தீர்ப்பு நீதிபதி காரணங்களை விளக்கும் உரை. தீர்ப்பாணை அதன் முடிவைச் சுருங்கச் சொல்லும் பத்திரம், ‘டிக்ரி’ என்பது இதுவே. நீதிமன்ற முத்திரையோடு கூடிய சான்றிட்ட நகலை இருவரும் பெற்றுப் பேணுதல் வேண்டும். பெயர்மாற்றம், மறுமணப் பதிவு, ஓய்வூதியம் ஆகிய எல்லாவற்றிற்கும் அதுவே வேண்டப்படும். மேல்முறையீட்டுக்குரிய காலம் முறையீடின்றிக் கழிந்தபின்னரோ, முறையீடு தள்ளப்பட்ட பின்னரோதான் மறுமணம் செய்யலாம் என்று 15ஆம் பிரிவு கூறுகின்றது. அந்நாளை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பின்னரே முகூர்த்தம் குறிக்க.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லை என்று எந்தப் பெண்ணும் வாளாவிருத்தல் வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் அதிகாரச் சட்டப்படி, வருமானம் எத்துணையாயினும் பெண்களுக்கு இலவசச் சட்டவுதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்றத்தை அடுத்துள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கேட்கலாம். கணவன் தொலைவூரில் இருப்பினும், மனைவி தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கின்றது.

சபையோரே! யாம் வேண்டிக்கொள்வன மூன்று. நம் பெரியவர்கள் மனவேற்றுமை கொண்ட தம்பதிகளை அழைத்து நல்லுரை கூறுவது பழம்பெருமை, அதனை விடவேண்டா. ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதுவதை இன்றோடு நிறுத்துக. இருவரும் பிரியவே துணிந்தால், 13ஆ பிரிவின் வழியை எடுத்துரைத்து நீதிமன்றத்துக்கு அனுப்புக. இரண்டாவது, சங்க வாசகசாலையில் ஞாயிறுதோறும் கற்றார் இருவர் இருந்து, காகிதம் கொண்டு வருவோர்க்கு அதன் தலைப்பையும் நாளையும் கோரிக்கையையும் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்க. அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். அவர்கள் படித்துச் சொல்லுதலோடு நின்று, ஆலோசனைக்குச் சட்டம் அறிந்தாரிடம் அனுப்புதல் வேண்டும். மூன்றாவது, பத்திரம் எழுதி மறுமணம் செய்வித்த குடும்பங்கள் நம்மிடை உள. அவர்களை இழித்துரையாமல் அழைத்து, தக்க வழக்கறிஞரைக் கலந்து, இனியேனும் செய்யத் தக்கது யாதென்று அறிய உதவுக.

பெண்ணைக் கொடுக்குங்கால் லக்கினப் பத்திரிகையின் ஒவ்வோர் எழுத்தையும் கூடியிருந்து வாசித்துக் கேட்கின்றோம். அவள் வாழ்வு இடருறுங்கால் வரும் பத்திரத்தையும் அவ்வாறே கூடியிருந்து வாசித்தல் நம் கடமை.