தறி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பட்டம்

உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு நெசவாளி ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த ஆள் பல வீடுகளில் வீட்டுப் பிள்ளைதான். கல்லூரிக்குக் கட்டப் பணமில்லாமல் தறியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

அவர்களுக்காகத்தான் இன்றைய தகவல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் இணையப் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். ஆனால் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. வேலை விண்ணப்பத்தில் பட்டத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் இணையத்தில், முக்கியத் தேர்வுகள் மட்டும் மையத்துக்குப் போய் நேரில். டிப்ளமோ நிலையோடு நிறுத்திக்கொண்டாலும் அதற்குரிய சான்று உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. படிப்பு எளிதல்ல, தினமும் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

விளம்பரத்தை நம்பி ஏதோவொரு படிப்புச் செயலிக்குப் பணம் கட்டுமுன், "இது அங்கீகாரம் பெற்ற பட்டமா?" என்று தயவுசெய்து கேளுங்கள்.